மேடு ஏறாத ரோபோ: மலையில் செயின், பல்சக்கரம், மோட்டார் எங்கே தேடுவது?

தேயிலைமேட்டு டீச்சர் | கோத்தகிரி பக்கம் | ஜூலை 6, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து ஒரு ரோபோ செய்கிறார்கள். செப்டம்பரில் போட்டி. 15 டிகிரி சாய்வுப் பலகையில் 3 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேலே இறக்கிவிட்டுத் திரும்பி வரவேண்டும். எடை வரம்பு 20 கிலோ. மோட்டாருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இப்போதைய வண்டி மூட்டையோடு 14 கிலோ. 12 வோல்ட் கியர் மோட்டார் நான்கு. 6 மில்லிமீட்டர் ஷாஃப்டில் சக்கரத்தை நேரடியாக மாட்டியிருந்தோம். சமதளத்தில் நன்றாகவே ஓடியது. சாய்வில் ஏற்றியதும் முதல் நாளே இரண்டு கியர்பாக்ஸில் பல் உடைந்தது. மற்ற இரண்டிலும் சக்கரத்தை ஷாஃப்டோடு இறுக்கும் சின்னத் திருகு (கிரப் ஸ்க்ரூ) வழுக்கி, ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறது.

கையில் மிச்சம் 6,000 ரூபாய். ஆன்லைனில் வாங்கினால் ஒரு செட் சக்கரத்துக்கே பாதி போய்விடும். பார்சல் மலை ஏறி வர ஒரு வாரம் ஆகிறது, தப்பான அளவில் வந்தால் திருப்பி அனுப்ப இன்னொரு வாரம். கோவை போய்த் தேட எனக்கு ஞாயிறு மட்டும்தான். இந்த மலையிலேயே கிடைக்கிற பொருளை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பிள்ளைகள் விடுவதாக இல்லை. தினமும் சாயங்காலம் கடைசி பஸ் வரைக்கும் ஆய்வகத்தில்தான் இருக்கிறார்கள்.

—

கோவை மெக்கட்ரானிக்ஸ் | கோயமுத்தூர் | ஜூலை 6, இரவு 10.05

டீச்சர், கல்லூரியில் மூன்று வருடம் ரோபோகான் என்ற ரோபோ போட்டிக்கான அணியில் இருந்தேன். மோட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

15 டிகிரியின் சைன் 0.26. 14 கிலோவுக்கு 3.6 கிலோ விசை, உராய்வுக்கு அரை கிலோ சேர்த்தால் 4 கிலோ சொச்சம். உங்கள் சக்கரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆரம் 5. ஆக மொத்தம் 20 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை. நான்கு மோட்டாரும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 5. ஆனால் சாய்வில் ஏறும்போது எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். முன்சக்கரம் லேசாகி வழுக்கும், பின்னால் இருக்கும் இரண்டு மட்டும் இழுக்கும். அப்போது ஆளுக்கு 10. கடைக்காரர் பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் மோட்டார் நின்றுபோகும் இடத்தின் எண். ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 30 போட்ட மோட்டார்தான் 10ஐ நிம்மதியாகத் தரும்.

இன்னொன்று, சக்கரத்தை கியர்பாக்ஸ் ஷாஃப்டிலேயே தொங்கவிட்டதால் வண்டியின் எடையும் ஒவ்வொரு குலுக்கலும் ஷாஃப்டைத் தாங்கும் அந்தச் சின்ன வளையம் (புஷ்) மேலேயே இறங்கியிருக்கும். ஷாஃப்ட் வளைய, பல் சரியாகக் கவ்வாமல் உடையும். தனி அச்சு, அதற்கு இரண்டு பேரிங், மோட்டாரிலிருந்து அச்சுக்குச் செயின் என்று மாற்றினால் இதே மோட்டாரே போதும். உடைந்த இரண்டுக்கு மட்டும் புதிது வாங்குங்கள். பழைய இரும்பில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

—

குன்னூர் ஃபிட்டர் | குன்னூர் | ஜூலை 7, காலை 6.10

டீச்சருக்கு வணக்கம். தேயிலை ஃபேக்டரியில 26 வருஷமா ஃபிட்டர். தம்பி சொன்ன கணக்கு சரி. கடைசி வரிய மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

மலையில மிஷின் நின்னா நாங்க மொதல்ல கேக்குறது, "இதே பார்ட் இன்னொண்ணு எங்க இருக்கு?" சீசன்ல பச்சை இலை வந்து குமிஞ்சு கிடக்கும், கோவையிலிருந்து பார்ட் வர வரைக்கும் இலை காத்திருக்காது. அதனால எது பக்கத்துல ரெண்டாவது தடவையும் கிடைக்குமோ அதை வச்சுத்தான் வேலை. பிள்ளைங்களுக்கும் அதே வழி. போட்டிக்கு முந்தின நாள் உடைஞ்சா கோத்தகிரி பஜார்ல கிடைக்கிற பொருளா அது இருக்கணும். அப்படி ஒண்ணு சைக்கிள்.

டீச்சர், உங்க ஊர்ல பழைய சைக்கிள் எத்தனை வீட்ல சும்மா கிடக்குதுன்னு பிள்ளைங்களையே கேக்கச் சொல்லுங்க. இந்த மேட்டுல யார் மிதிப்பா?

பின்சக்கர ஹப் மட்டும் எடுங்க, நாலு. அதுக்குள்ள அச்சு, பால்ஸ், அதைத் தாங்குற கோன், பல்சக்கரம் மாட்ட மரை எல்லாமே இருக்கு. லேத்துக்குப் போக வேண்டியதே இல்ல. ஸ்போக் மாட்டுற விளிம்புல ஓட்டை இருக்கும், பழைய ரோட்ஸ்டர் பின் ஹப்புல 40. அதுல எட்ட மட்டும் 4 மில்லிக்குப் பெருசாக்கி, ப்ளைவுட் வட்டத்தைப் போல்ட் போட்டு முறுக்கிடுங்க. சக்கரம் ரெடி. மேல சைக்கிள் டயரோட ஓரக் கம்பிய வெட்டி எறிஞ்சுட்டு, நடு ரப்பர மட்டும் சுத்தி ஸ்க்ரூ அடிங்க. 15 சென்டி சக்கரத்துக்குச் சுத்தளவு 47 சென்டி. ஒரு 28 அங்குல டயர்லயே நாலு சக்கரத்துக்கும் வந்துடும்.

சட்டத்துக்கு ஆங்கிள் இரும்பு. ஹப்போட அச்சு உட்கார நீளவாக்குல காடி வெட்டுங்க, சைக்கிள் ஃபோர்க்கில இருக்கற மாதிரி. செயின் தொய்ஞ்சா நட்டைத் தளர்த்தி பின்னால இழுத்துக்கலாம்.

—

கூடலூர் வயரிங் | கூடலூர் | ஜூலை 7, மதியம் 1.40

ஃபிட்டர் அண்ணன் சக்கரத்தைச் சொல்லிட்டார், நான் மோட்டாரைச் சொல்றேன். ஜீப், லாரி எலக்ட்ரிகல் வேலைதான் என் தொழில். வைப்பர் மோட்டார் எடுங்க. 12 வோல்ட், உள்ளே வார்ம் கியர் (திருகு மாதிரி தண்டு பல்சக்கரத்தைச் சுத்தும்), மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று பக்கம் வரும். காயலான் கடையில் எடைக்கு எடுத்தால் ஆன்லைன் விலையில் சின்னப் பங்குதான். வார்ம் கியர் என்பதால் கரண்ட் நின்றாலும் வண்டி சாய்வில் பின்னால் உருளாது. உங்க போட்டிக்கு அது பெரிய நிம்மதி.

ஆனா கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. ஜோடியா, ஒரே மாடல் வண்டியிலிருந்து கழட்டினதா எடுங்க. ஒண்ணு ஒரு கம்பெனி, இன்னொண்ணு வேற கம்பெனி என்றால் வண்டி நேரா போகவே போகாது. பேட்டரி வச்சு ஓட்டிப் பார்த்து, ஷாஃப்டில் வெள்ளை டேப் ஒட்டி, போனில் வீடியோ எடுத்து ஒரு நிமிடச் சுற்றை எண்ணுங்க. கையில் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் அதிகம் என்றால் உள்ளே நைலான் பல்சக்கரம் தேய்ஞ்சு போச்சு.

வயர் நாலு, அஞ்சு இருக்கும். குழம்ப வேண்டாம். பொதுவானது, மெதுவு, வேகம், மிச்சம் வைப்பர் வந்து படுக்கிற இடத்துக்கான சுவிட்ச். உங்களுக்குப் பொதுவும் மெதுவும் போதும். வேக வயர் வேண்டாம், அதோட பிரஷ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) கோணம் தள்ளி இருக்கும், பின்னோக்கி ஓட்டும்போது இழுக்காது.

முக்கியமானது: நிறைய மோட்டாரில் மைனஸ் பிரஷ் உடம்போட சேர்ந்திருக்கும். வண்டியில் பாடியே எர்த் என்பதால் அப்படி வச்சிருக்காங்க. நீங்க முன்னும் பின்னும் ஓட்டணும்னா அந்த உடம்பு ஒரு நேரம் மைனஸ், ஒரு நேரம் பிளஸ். ரெண்டு மோட்டாரையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முறுக்கினா, ஒண்ணு முன்னே ஒண்ணு பின்னே போகும்போது நேரடி ஷார்ட். மோட்டாருக்கு அடியில் ப்ளைவுட், போல்ட்டுக்கு நைலான் புஷ்ஷும் வாஷரும் போடுங்க. மீட்டரில் மோட்டார் உடம்புக்கும் சட்டத்துக்கும் தொடர்ச்சி இல்லைன்னு பார்த்த பிறகுதான் பேட்டரி. செயின் வழியாவும் தொடர்பு வரும், மறக்காதீங்க. பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே 20 ஆம்ப் கார் ஃபியூஸ் கட்டாயம். யுபிஎஸ் பேட்டரி சின்னதுதான், ஷார்ட் ஆனா வயரையே உருக்கிடும்.

—

கோவை மெக்கட்ரானிக்ஸ் | ஜூலை 7, மாலை 6.30

ஹப் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அருமை அண்ணா. வைப்பரில் மட்டும் இரண்டு கேள்வி. 45 சுற்று, 15 சென்டிமீட்டர் சக்கரம் என்றால் நொடிக்கு 35 சென்டிமீட்டர். நேரம் போதுமா டீச்சர்? எடையும் கூடும், சைக்கிள் ஹப்பும் வைப்பர் மோட்டாரும் இரும்புக் கட்டிகள். 20 கிலோ வரம்பை நினைவில் வையுங்கள்.

படிக்கும் மற்ற அணிகளுக்கும் ஒரு வார்த்தை. போட்டி விதியை முதலில் படியுங்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டி மாதிரியானவற்றில் அனுமதித்த மோட்டார்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அங்கே வைப்பர் மோட்டாரோடு போனால் பரிசோதனை மேசையைத் தாண்ட முடியாது. டீச்சரின் போட்டியில் தடை இல்லை என்பதால்தான் இங்கே இதைப் பேசுகிறோம்.

மோட்டாருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தித் தரும் டிரைவர் போர்டாக எல்298 வேண்டாம். அது 2 ஆம்பியருக்குத்தான், அதிலேயே 2 வோல்ட் போல விழுங்கிவிடும். பிடிஎஸ்7960 போர்டு இரண்டு வாங்குங்கள். இது புதிதாகவே வாங்கவேண்டிய பொருள்.

—

தேயிலைமேட்டு டீச்சர் | ஜூலை 8, இரவு 8.45

இரண்டு நாளில் இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

நேரம் 3 நிமிடம், தூரம் மொத்தமே 12 மீட்டர். 35 சென்டிமீட்டர் வேகத்திலும் ஓடிவிடலாம், ஆனால் மூட்டையை இறக்கத் தடுமாறினால் நேரம் போகும். அதனால் மோட்டாரில் பெரிய பல்சக்கரம், சக்கரத்தில் சின்னது என்று வைத்து வேகத்தை இரண்டு மடங்காக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் முன் பல்சக்கரம் 36 பல், பின்னால் 18. எண்ணியே பார்த்துவிட்டார்கள்.

பாடத்தில் சொல்வதற்கு எனக்கு ஒரு நல்ல உதாரணமும் கிடைத்தது. நம் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறும் சரிவு 12க்கு 1. அதற்கே சாதாரணத் தண்டவாளம் போதாது என்று நடுவில் பல்தண்டவாளம். இரண்டு பட்டை, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி, எந்த நொடியிலும் ஒரு பல்லாவது கவ்வியிருக்கும். 1899இல் குன்னூர் வரை வந்த ஏற்பாடு இன்றும் அப்படியே ஏறுகிறது. நம் போட்டிச் சாய்வு அதைவிடச் செங்குத்து, கிட்டத்தட்ட 4க்கு 1. "அப்ப நமக்கும் பல்தண்டவாளம் வேணுமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒரு பலகையில் டயர்த் துண்டை வைத்துச் சாய்த்துப் பார்த்தோம். 30 டிகிரி தாண்டித்தான் வழுக்கியது. ஈரத்துணியால் பலகையைத் துடைத்ததும் சீக்கிரமே வழுக்கிவிட்டது. எஃகும் எஃகும் எங்கே, ரப்பரும் மரமும் எங்கே என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

—

குன்னூர் ஃபிட்டர் | ஜூலை 9, காலை 5.50

36க்கு 18 நல்ல கணக்கு. வேகம் ரெண்டு மடங்குன்னா மோட்டாருக்குப் பாரமும் ரெண்டு மடங்கு, வைப்பர் தாங்கும்.

ஒரு பக்கத்துக்கு ஒரே செயின் போதும். முன் ஹப், பின் ஹப், மேல நடுவுல மோட்டார், முக்கோணமா ஒரே சுத்து. மோட்டாரைத் தாழ்வா வச்சிடாதீங்க, அப்புறம் செயின் அது மேல நாலஞ்சு பல்லுலதான் உட்காரும், பாரம் வந்தா தாண்டிக் குதிக்கும். சக்கரத்துக்கு நடுவுல 30 சென்டின்னா மோட்டார் 20 சென்டி உயரத்துல இருக்கட்டும், பத்துப் பல்லு கவ்வும். மேல கனம் ஏறுது இல்லையா, அதுக்குப் பேட்டரிய முன்னால கீழ போடுங்க. ஏறும்போது வண்டி மல்லாந்துடாது.

வைப்பர் மோட்டார் வாங்கும்போது அதோட ஷாஃப்டுல மாட்டின குட்டை லிங்க் கைய விட்டுட்டு வராதீங்க. ஷாஃப்டுல நெளிநெளியா காடி இருக்கும், அதுக்குப் பொருந்துற ஓட்டைய நீங்க செய்ய முடியாது. அந்தக் கையிலேயே இருக்கு. அதைப் பல்சக்கரத்தோட நடுவுல வச்சு வெல்டிங். ஒட்டறதுக்கு முன்னால சுத்திவிட்டு பக்கத்துல சாக்பீஸ் பிடிங்க, ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தா நடுவு தப்பு.

செயின் பழசு எடுத்தா 12 அங்குல ஸ்கேல் போதும். சைக்கிள் செயின் அரை அங்குல பிட்ச், அதாவது ஒரு பின் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு உள்ள தூரம். பின்னோட நடுவுல ஸ்கேல வச்சா 24 பிட்ச் சரியா 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூட வந்தா தூக்கிப் போட்டுடுங்க. பைக் செயின் மாட்டலாமான்னு யாராவது கேப்பாங்க. 428 செயினும் பிட்ச் அதே அரை அங்குலம்தான், ஆனா அகலம் ரெண்டரை மடங்கு. சைக்கிள் பல்லுல பக்கவாட்டுல ஆடும், பைக் பல்சக்கரத்துல சைக்கிள் செயின் உள்ளயே போகாது.

—

ப்ளஸ் ஒன் செயின் பிரிவு | கோத்தகிரி பக்கம் | ஜூலை 21, இரவு 7.15

வணக்கம் அண்ணா, வணக்கம் எல்லாருக்கும். நான் டீச்சரோட அணியில் இருக்கேன், டீச்சர் எழுதச் சொன்னாங்க. ஏழு வீட்டில் கேட்டோம், மூணு வீட்டில் சைக்கிள் கொடுத்தாங்க. எங்க அக்காவோடதும் ஒண்ணு. நாலாவது ஹப்பு சைக்கிள் கடைத் தாத்தா சும்மா கொடுத்தார். மோட்டார் ஜோடி மேட்டுப்பாளையத்தில் 900 ரூபாய். மாட்டி ஓட்டினோம், முன்னால போச்சு!

ரிவர்ஸ் போட்டா மோட்டார் சுத்துது, செயின் சுத்துது, சக்கரம் அப்படியே நிக்குது. ப்ரீவீல்னால தானே? வலது பக்கம் மட்டும்தான் இப்படி. இடது பக்கம் நேர் எதிரா இருக்கு, முன்னால போகும்போது கடகடன்னு சத்தம், பின்னால மட்டும் இழுக்குது. என்ன செய்றது?

—

குன்னூர் ஃபிட்டர் | ஜூலை 21, இரவு 9.30

சொல்லாம விட்டது என் தப்பு தாயி. சைக்கிள்ல பின்னால மிதிச்சா சும்மா சுத்தணும், அதுக்குத்தான் ப்ரீவீல். உங்களுக்கு ரெண்டு பக்கமும் இழுக்கணும், அதனால பூட்டணும். இடது பக்கம் ஹப்பைத் திருப்பி மாட்டியிருக்கீங்க, அதான் எதிரா வேலை செய்யுது.

ப்ரீவீலைக் கழட்டி மண்ணெண்ணெயில ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, கிரீஸ் சுத்தமாப் போற வரைக்கும் அலசி, நல்லாக் காய வைங்க. கிரீஸோட வெல்டிங் வச்சா புகையும், வெல்டும் பிடிக்காது. பிறகு உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் சேர்த்து நாலு இடத்துல புள்ளி வச்சாப் போதும். எதிரெதிரா வைக்கச் சொல்லுங்க. நீளமா இழுத்தா சூட்டுல கோணிக்கும், அப்புறம் செயின் ஒரு சுத்துல ஒரு தடவ இறுகி ஒரு தடவ தொய்யும்.

இதோட முடியல. ப்ரீவீல் ஹப்போட மரையில முறுக்கி நிக்குது. முன்னால இழுத்தா இறுகும், எதிர்ப்பக்கம் இழுத்தா அவிழ்ந்து கழண்டு வரும். அதனால ஹப்போட உடம்புலயும் ரெண்டு புள்ளி வெல்டிங். ஹப் இரும்பா இருந்தா வெல்டு ஏறும், அலுமினியம்னா ஏறாது, காந்தம் வச்சுப் பாத்துக்கோ. வெல்டிங் பட்டறைக்காரர் செய்யட்டும், நீங்க தள்ளி நின்னு பாருங்க. நடுவுல பால்ஸ், கோன் எல்லாம் கழட்டிட்டுத்தான் கொடுக்கணும்.

—

கொடைப் பட்டறை | கொடைக்கானல் | ஜூலை 24, மாலை 4.20

இந்த இழையை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். இங்கும் ஒரு சின்ன அணி இருக்கிறது, எங்கள் வண்டி 4 கிலோதான். சைக்கிள் ஹப் எங்களுக்குக் கனம். வத்தலகுண்டில் ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள், வாங்கி வந்து பிரித்தோம். நேரான எஃகுத் தண்டு, டைமிங் பெல்ட் (பல் வைத்த பெல்ட்), அதற்குப் பொருந்திய புல்லி, பேரிங், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் எல்லாம் அதில் இருந்தன. பெல்ட்டை அதே மெஷினின் புல்லியோடு சேர்த்தே எடுக்கவேண்டும். பல் இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று, தனியாக எடுத்தால் எதனோடும் சேராது. பிரிக்கும்போது டோனர் பொடி பறக்கும், வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு பிரியுங்கள்.

பேரிங் மட்டும் புதிது வாங்குகிறோம். 608 பேரிங், உள் துளை 8, வெளி விட்டம் 22. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது.

—

ப்ளஸ் ஒன் செயின் பிரிவு | ஆகஸ்ட் 11, இரவு 8.00

ரெண்டு பக்கமும் இழுக்குது அண்ணா! 15 டிகிரி பலகையில் மூட்டையோட ஏறிடுச்சு. டீச்சர் கைதட்டினாங்க. மூட்டை இல்லாம 16 கிலோ வருது.

இப்போ ஒரே பிரச்சினை திரும்புறது. நாலு சக்கரத்திலும் டயர் ரப்பர் போட்டதால இடத்திலேயே திரும்பச் சொன்னா துள்ளுது, ஃபியூஸ் போயிடுச்சு. ரெண்டு ஃபியூஸ் காலி. 30 ஆம்ப் போடலாமான்னு ஒரு தம்பி கேட்டான், நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

—

கோவை மெக்கட்ரானிக்ஸ் | ஆகஸ்ட் 11, இரவு 9.10

சரியாகச் சொன்னாய் தங்கச்சி, ஃபியூஸைப் பெரிதாக்காதே. திரும்பும்போது நான்கு சக்கரமும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும், ரப்பர் அதை விடமாட்டேன் என்கிறது. முன் இரண்டு சக்கரத்தின் ரப்பரைக் கழற்றிவிட்டு வழவழப்பான பிவிசி பட்டை சுற்றுங்கள். திரும்பும்போது முன்பக்கம் வழுக்கும், பின்பக்கம் அச்சாக நிற்கும். சாய்வில் ஏறும்போது எடை எப்படியும் பின்னால்தான், ரப்பரும் அங்கேதான்.

புரோகிராமிலும் வேகத்தை அரை நொடியில் மெல்ல ஏற்றி இறக்குங்கள். சட்டென்று முன்னிருந்து பின்னுக்கு மாற்றினால் அந்த அடி முழுவதும் நைலான் பல்சக்கரத்தில் விழும். பழைய இரும்பில் நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்த மாதம் என் ஜூனியர்களிடம் உங்கள் ஹப்பைக் காட்டப்போகிறேன், படம் அனுப்புங்கள்.

—

தேயிலைமேட்டு டீச்சர் | ஆகஸ்ட் 19, இரவு 9.00

பிவிசி பட்டை வேலை செய்தது. இடத்திலேயே திரும்புகிறது, ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. மோட்டார் இரண்டும் ஒரு நிமிடத்துக்கு 46, 43 சுற்று. நேர்க்கோட்டில் விலகியதை வேகமான மோட்டாரைக் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்தார்கள். பனிமூட்டத்தில் செயின் ஒரே இரவில் செம்பழுப்பாகிறது, தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். விரல் மாட்டாமல் இருக்க, செயினுக்குப் பழைய எண்ணெய்த் தகர டின்னை வெட்டி உறை போட்டிருக்கிறோம்.

செலவு: மோட்டார் 900, டிரைவர் போர்டு இரண்டு, புது செயின் இரண்டு, ஆங்கிள், வெல்டிங், சில்லறை எல்லாம் சேர்த்து 4,300. மிச்சப் பணத்தில் இன்னொரு ஜோடி வைப்பர் மோட்டார் வாங்கி வைக்கலாம் என்று அணி முடிவு செய்திருக்கிறது. ஃபிட்டர் அண்ணா, ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வரமுடியுமா? பிள்ளைகள் உங்களை நேரில் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

—

குன்னூர் ஃபிட்டர் | ஆகஸ்ட் 20, காலை 5.45

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வரேன் டீச்சர். செயின் பிரிக்கிற கருவி என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு பிள்ளைங்களுக்கு. போட்டிக்குப் போகும்போது பையில செயினை இணைக்கிற லாக் நாலு, ஃபியூஸ் பத்து, வெல்டிங் வச்ச ஹப் ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். ஹப் கிடைக்கலன்னா சொல்லுங்க, எங்க வீட்டு வாசல்லயே ஒரு சைக்கிள் நிக்குது.